குளத்துச் சேற்று ஜாடி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்ணாடி ஜாடியில் குளத்துச் சேறு, கிழித்த நாளிதழ், முட்டை மஞ்சள் கரு, குளத்துத் தண்ணீர். இவ்வளவுதான் தேவை. வெளிச்சத்தில் வைத்தால் ஒன்றிரண்டு மாதங்களில் கருப்பு, பச்சை, ஊதா என்று பட்டை பட்டையாக நுண்ணுயிர்கள் வளரும். 1880களில் நுண்ணுயிரியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி உருவாக்கிய முறை இது. சென்னை வீடுகளிலும் அருமையாக வரும், சில தவறுகளைத் தவிர்த்தால்.

முதலில் சேறு. கூவத்திலோ பக்கிங்காம் கால்வாயிலோ அள்ளாதீர்கள். சாக்கடை நீர் கலந்தது, நோய்க்கிருமிகள் இருக்கும். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022 முதல் ராம்சார் தலம், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம், அங்கே கை வைக்கவே கூடாது. மொட்டை மாடித் தாமரைத் தொட்டியின் அடிச்சேறே போதும். கையுறை போட்டு எடுங்கள். கல், குச்சிகளைப் பொறுக்கிவிடுங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் அதிலுள்ள குளோரின் நமக்கு வேண்டிய உயிர்களையே கொல்லும்.

பலரும் செய்யும் பெரிய தவறு, ஜாடியைக் குலுக்குவது. இங்கே நடப்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். மேலே ஆக்சிஜன் உண்டு, அடியில் கிடையாது. அடியில் உள்ள பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக சல்பேட் என்ற கந்தக உப்பைப் பயன்படுத்தி, ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளியிடுகின்றன. கூமுட்டை நாற்றம் அதனால்தான். அந்த வாயு சேற்றில் உள்ள இரும்போடு சேர்ந்து கருப்பாகிறது. மிச்சம் மேல்நோக்கிப் பரவுகிறது. சல்பைடு அதிகம் தாங்கும் பச்சைக் கந்தக பாக்டீரியா கீழே, ஊதா அதற்கு மேலே, காற்றுப் படும் உச்சியில் நீலப்பச்சைப் பாசி. ஒவ்வொன்றும் தனக்கு ஒத்துவரும் ஆழத்தில் குடியேறுகிறது. ஒருமுறை கலக்கினாலும் இந்த அடுக்கு மொத்தமும் குலைந்துபோகும். வைத்த இடத்திலிருந்து நகர்த்தாமல் இருப்பதே நல்லது.

முட்டையும் காகிதமும் அளவோடு இருக்கட்டும். லிட்டர் ஜாடிக்கு ஒரு மஞ்சள் கரு, கைப்பிடிக் காகிதம். கீழ்ப்பாதிச் சேற்றில் மட்டும் கலந்தால் போதும். கூடினால் வாயு பெருகிச் சேறு பிளக்கும், வாடை வீட்டில் யாரையும் இருக்க விடாது.

வெயில் இன்னொரு விஷயம். அக்னி நட்சத்திரத்தில் நேர்வெயில் படும் பால்கனியில் வைத்தால் ஜாடி வெந்துவிடும். இருட்டு அலமாரியும் உதவாது. நிறம் தரும் பாக்டீரியாக்களுக்கு ஒளி வேண்டும். வெளிச்சம் மட்டும் வரும் ஜன்னல் ஓரம் சரி.

மூடியை இறுக்கினால் உள்ளே வாயு அழுத்தம் ஏறி ஜாடி வெடிக்கலாம். சரி, திறந்தே வைக்கலாமா? நம் ஊரில் கூடவே கூடாது. தேங்கிய நல்ல தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும். மெல்லிய துணியை இரண்டு மடிப்பாக வைத்து வாயைச் சுற்றி ரப்பர் பேண்டு போடுங்கள், வாயு வெளியேறும், கொசு நுழையாது. தண்ணீர் வற்றினால் ஓரமாக, சேறு கலங்காமல் மெல்ல ஊற்றுங்கள்.

அப்புறம், முதல் சில வாரங்கள் வெறும் சேறாகத்தான் தெரியும், அங்கங்கே கருப்பு படரும். கெட்டுப்போய்விட்டது என்று அந்த நேரத்தில்தான் பலர் கொட்டிவிடுகிறார்கள்.