மனு கொடுத்தால் நாள் கணக்கு நிற்காது

சென்ற மாதம் நாகர்கோவிலில் என் அலுவலகத்துக்கு ஒரு புது வக்கீல் வந்தார். திருநெல்வேலியில் சட்டம் படித்தவர். நடத்தினால் சுற்றுச்சூழல் வழக்குதான் என்ற பிடிவாதம். கையில் தடித்த கோப்பு: ஒரு குவாரிக்கு எதிராக ஊரார் கொடுத்த மனுக்கள், ஒப்புகைச் சீட்டுகள், எல்லாம் தேதிவாரியாக. "சுற்றுச்சூழல் அனுமதி ஆணை எந்தத் தேதி?" என்று கேட்டேன். கோப்பைப் புரட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு என் பழைய முகம் தெரிந்தது.

நன்றாகப் படியுங்கள், நேரத்துக்கு நீதிமன்றம் போங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கதையைக் கேட்டுவிட்டுத் தேதியைக் கேட்காமல் விடுவது

விளவங்கோடு வட்டத்தில் ஒரு பாறைக்குவாரி. வெடி அதிர்ச்சியில் சுவர் விரிசல், கலங்கிய கிணறு, ரப்பர் இலைகளில் மாவு போலத் தூசி. ஊரார் திங்கள்கிழமை குறைதீர் கூட்டங்களில் மனுமேல் மனுவாகக் கொடுத்தார்கள். நான் என் பங்குக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஆவணம் கேட்டு 30 நாள் காத்திருந்தேன். பாதிதான் வந்தது. மீதிக்கு மேல்முறையீடு, மறுபடி காத்திருப்பு. எல்லாத் தாளும் கைக்கு வந்தால்தான் வழக்கு நிற்கும் என்று நினைப்பு.

தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010-இன் 16-ஆம் பிரிவு என் நினைப்பைக் கேட்கவில்லை. அனுமதி ஆணையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள். போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்கு மேல் ஒரு நாள் தாமதித்தாலும் மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரம் இல்லை. நான் தாக்கல் செய்தது 97-ஆம் நாள்.

அதுவும் எதிர்த்தரப்பு எண்ணிய 97. நான் ஆணையின் நகல் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணியிருந்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் தூசியைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. ஒரு நாளிதழ் விளம்பரத்தை எடுத்து நீட்டினார். அனுமதி பெற்றவர் அதைச் செய்தித்தாளில் விளம்பரப்படுத்த வேண்டும், நகலை உள்ளாட்சிக்குத் தர வேண்டும், அங்கே அது 30 நாள் பலகையில் இருக்க வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. இப்படித் தெரிவிக்கும் வழிகளில் எது முதலில் முறையாக நிறைவேறியதோ அன்றே நாள் ஓடத் தொடங்கிவிடும்.

தள்ளுபடி ஆனது. வெளியே வந்ததும் பெரியவர் ஒருவர் கேட்டார்: "அப்படியானால் குவாரி சரி என்று சொல்லிவிட்டார்களா, சாரே?" இல்லை, நான் பிந்திவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. 'சட்டச் சிக்கல்' என்று ஏதோ மழுப்பினேன்.

இருக்கிற தாளோடு முதலில் தாக்கல் செய்யுங்கள். மீதியைக் கூடுதல் பிரமாணப் பத்திரமாகப் பிறகு சேர்க்கலாம். நாள் கடந்துபோனால், அனுமதியின் நிபந்தனை மீறலைப் பிடித்து அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவில் போகலாம்தான். அதற்கும் ஆறு மாதம், கூட 60 நாள் என்ற எல்லை உண்டு. ஆனால் அனுமதியையே ரத்து செய்யக் கேட்கும் வாய்ப்பு போனது போனதுதான்.

மதுரையா, சென்னையா?

ரிட் மனுவுக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில். மதுரை நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது என்பது அங்கே போக ஒரு காரணம் ஆகாது.

அறிக்கையில் மாதத்தைப் பார்க்காமல் விடுவது

சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைக்கான அடிப்படை அளவீடுகளைப் பெரும்பாலும் மழையில்லாத ஒரே பருவத்தில் எடுப்பார்கள். நம் குமரி மாவட்டத்துக்கோ இரண்டு மழை. கன்னிப்பூ, கும்பப்பூ என்று நெல்லும் இரண்டு போகம். மார்ச் மாதம் வந்து பார்ப்பவருக்கு ஓடை வெறும் பள்ளமாகத்தான் தெரியும். 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் ஈரநிலங்களுக்கு வலசைப் பறவைகள் குளிர்காலத்தில் வருகின்றன; கோடையில் எண்ணினால் கணக்கு எப்படி இருக்கும்? முதலில் மாதத்தைப் பாருங்கள், பிறகு முடிவுரையைப் படியுங்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் வெளிநடப்பு

செய்தியில் வரும். ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்துவிட்டு நடங்கள்.

கறுப்பு அங்கி மட்டுமே வேலை என்பது

அறிக்கை தயாரிக்கும் ஆலோசனை நிறுவனத்தில் ஓராண்டு இருந்து பாருங்கள். சமையல் தெரிந்தவருக்குத்தான் சாம்பாரில் என்ன குறை என்று தெரியும்.

மலையாளப் பத்திரத்தை ஒதுக்குவது

1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்ப் பக்கம். ஓடைப் புறம்போக்கா, பட்டா நிலமா என்ற சண்டைக்கு விடை பல நேரம் அந்தக் கால மலையாள ஆவணங்களில்தான் கிடக்கிறது. படிக்கத் தெரிந்தவரைத் தேடிப் பிடியுங்கள்.

இதையெல்லாம் அந்தப் புது வக்கீலிடமும் சொல்லித்தான் அனுப்பினேன். மறுநாள் ஃபோன் செய்தார். ஆணை, சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் கிடைத்துவிட்டதாம்; விளம்பரம் வந்து 71 நாள் ஆகிறதாம். கோப்பில் ஒரு மலையாளப் பத்திரம் இருக்கிறது, அதை மொழிபெயர்த்து வாங்கிய பிறகு தாக்கல் செய்யட்டுமா என்று கேட்டார். ஃபோனை வைத்துவிட்டு அவர் வீட்டுக்கே வண்டியை எடுத்தேன்.