மானாவாரி வயலும் மேய்ச்சல் தரையும் அரசாங்க வரைபடத்தில் ஏற என்ன செய்ய வேண்டும்

திருகோணமலை மாவட்டத்தில் காணிப் பேச்சு எடுத்தால், "எங்கேயோ இருந்து கோடு கீறிவிட்டார்கள்" என்பதில்தான் வந்து நிற்கிறது. அந்தக் கோடு எந்தச் சான்றை வைத்துக் கீறப்படுகிறது என்று தெரிந்துகொண்டால், நம்முடைய சான்றையும் நேரத்தோடு உள்ளே சேர்க்கலாம். மூதூர்ப் பக்கம் ஒரு கமக்காரர் அமைப்பின் செயலாளராக இந்த வேலையைச் செய்து வருகிறேன். செய்கிற முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சட்ட வாசகம். இலங்கை அரசியலமைப்பின் 1987 ஆம் ஆண்டு 13 ஆவது திருத்தம், காணிக் கொள்கை தொழில்நுட்ப அடிப்படையில் அமைய வேண்டும், அரசியல் அல்லது இன அடிப்படையில் அல்ல என்கிறது. மண், காலநிலை, மழைவீழ்ச்சி, மண்ணரிப்பு, காட்டின் பரப்பு, பொருளாதாரப் பயன் ஆகியவற்றைக் கவனிக்கவும் சொல்கிறது. அதை வகுக்க வேண்டிய தேசிய காணி ஆணைக்குழு இன்றுவரை அமைக்கப்படவில்லை. 2007 இல் வந்த தேசிய காணிப் பயன்பாட்டுக் கொள்கையை அமைச்சுதான் வெளியிட்டது. ஆனாலும் அந்த வாசகத்தை எங்கள் கோவையின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எந்தக் கூட்டத்திலும் பேச்சை ஆதாரத்துக்குத் திருப்ப அது உதவும்.

இனி, சான்று எங்கே இருந்து வருகிறது என்று பார்ப்போம். நில அளவைத் திணைக்களத்தின் வரைபடங்கள், செய்மதிப் படங்கள், மண், மழைத் தரவுகள், போகத்துக்குப் போகம் எடுக்கும் நெற்செய்கைப் புள்ளிவிவரம், கமநல சேவை நிலையத்தின் காணிப் பதிவேடு ஆகியவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கிறார்கள். காணிப் பயன்பாட்டுக் கொள்கைத் திட்டமிடல் திணைக்களத்துக்காரர்கள் களத்துக்கு வந்து சரிபார்ப்பதும் உண்டு. பிறகு விஷயம் பிரதேச, மாவட்ட மட்டக் குழுக்களுக்குப் போகிறது.

செய்மதிப் படம்தான் எங்கள் பகுதியில் பெரிய பிரச்சினை. நம் மானாவாரி வயல் பச்சையாக இருப்பது பெரும்போகத்தில், வடகீழ்ப் பருவமழை பெய்யும்போது. அந்த நாட்களில் வானம் முழுக்க முகில், தெளிவான படம் கிடைப்பது அரிது. நல்ல படங்கள் பெரும்பாலும் வைகாசிக்கும் புரட்டாதிக்கும் இடையில், வயல் காய்ந்து கிடக்கும்போது கிடைக்கின்றன. அந்தப் படத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது தரிசு, அல்லது பற்றைக்காடு. மேய்ச்சல் தரையும் அப்படித்தான். வயல் விதைத்ததும் மாடுகளைக் காட்டோரத்துக்கு ஓட்டிவிட்டு, அறுவடை முடிந்ததும் தாளடிக்கு, அதாவது அறுத்த வயலுக்கு, திருப்பிக் கொண்டுவருகிறோம். ஒரே ஒரு திகதியில் எடுத்த படத்தில் இந்தப் போக்குவரத்து எப்படித் தெரியும்?

சம்பூர் போன்ற இடங்களில் இன்னொரு சிக்கல். 2006 இல் போரால் இடம்பெயர்ந்த சனம் பல வருடம் கழித்துத்தான் திரும்பியது. அத்தனை காலம் உழாத வயலில் மரம் முளைக்கும், படத்தில் அது காடாகத்தான் விழும். இதற்கு மருந்து பழைய படங்கள். லான்ட்சாட் என்ற அமெரிக்கச் செய்மதியின் படங்கள் இலவசம், கூகுள் ஏர்த்தின் காலவரிசைக் காட்சி 1984 இலிருந்து இருக்கிறது. அதில் உங்கள் வெளியைத் தேடி, 2006 க்கு முந்தைய வருடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: லான்ட்சாட் படத்தின் மிகச் சிறிய புள்ளியான ஒரு கட்டம் 30 மீற்றருக்கு 30 மீற்றர், அதாவது கிட்டத்தட்ட 36 பேர்ச். சின்ன வீட்டுத்தோட்டத்தை அதில் தேடாதீர்கள், வயல்வெளியைத் தேடுங்கள். சென்டினல் 2 என்ற ஐரோப்பியச் செய்மதியின் கட்டம் 10 மீற்றர்தான், ஆனால் அது அண்மைய வருடங்களுக்கு மட்டும்.

அப்புறம் கடதாசி வேலை. கமநல சேவை நிலையத்துக்குப் போய்ப் பதிவேட்டில் உங்கள் வயலின் பெயர், பரப்பு, செய்கைக்காரர் பெயர் மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பதிவேட்டில் இல்லாத வயலுக்காக எவ்வளவு நன்றாகப் பேசினாலும் எடுபடுவது கஷ்டம். ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டு, பெர்மிட், உறுதி எது இருந்தாலும் பிரதி எடுத்து வையுங்கள்.

அடுத்ததாக ஊர்க்காரர் நாலைந்து பேர் கைபேசியோடு எல்லையைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு மூலையிலும் இட ஆயத்தை (GPS எண்களை) குறித்துப் படம் எடுக்க வேண்டும். தை மாதம் ஒரு தடவை, ஆவணியில் ஒரு தடவை, அதே இடத்தில் நின்று. மாடு மேய்க்கிற ஐயாமாரையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தக் குளத்தில் எந்த மாதம் மாடு தண்ணீர் குடிக்கும், எந்த வழியால் போகும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் சொல்வதை மாதவாரியாக எழுதி, கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ வாங்குங்கள்.

உங்கள் பிரிவுக்கு ஏற்கெனவே என்ன வரைபடம் இருக்கிறது என்று தெரியாவிட்டால், 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். "காணி விபரம் தாருங்கள்" என்று பொதுவாக எழுதினால் பதிலும் பொதுவாகத்தான் வரும். கிராம சேவகர் பிரிவின் பெயரைப் போட்டு, காணிப் பயன்பாட்டு வரைபடம், அதற்கு எடுத்த செய்மதிப் படத்தின் திகதி, களச் சரிபார்ப்பு நடந்த திகதி என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

எல்லாம் சேர்ந்ததும் ஒரு பக்கக் கடிதம் போதும், மீதி இணைப்பாகப் போகட்டும். பிரதேச செயலாளருக்கு முகவரியிட்டு, காணிப் பயன்பாட்டுக் குழுவின் அடுத்த கூட்டத்தில் வைக்கும்படி எழுதுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதியோடு ஏற்பு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.