எல்.பி.என். வேலை: இடத்துக்கு இடம் எப்படி மாறும்?

அமெரிக்காவில் எல்.பி.என். (லைசென்ஸ்டு பிராக்டிகல் நர்ஸ்) ஆக இருக்கிறேன். கலிஃபோர்னியா, டெக்சாஸ் பக்கம் இதையே எல்.வி.என். என்பார்கள். சுமார் ஒரு வருஷப் படிப்பு, பிறகு என்கிளெக்ஸ்-பி.என். தேர்வு. லைசென்ஸ் கைக்கு வந்ததும் உங்கள் மாநில நர்ஸிங் போர்டு விதிகளைப் படித்துவிடுங்கள். ஐ.வி. (ரத்தக்குழாய் வழியாக ஏற்றும்) மருந்து விஷயத்தில் எல்.பி.என். எதுவரை போகலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

முதியோர் இல்லத்தில் மருந்து வண்டிதான் உங்கள் உலகம். ஆளைச் சரிபாருங்கள், மருந்துப் பதிவோடு ஒப்பிடுங்கள், விழுங்கும்வரை நில்லுங்கள், அப்புறம்தான் கையெழுத்து. ஒரு நாள் அவசரத்தில் முதலிலேயே போட்டுவிட்டேன். அந்தப் பாட்டியோ மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்து, நான் திரும்பியதும் டிஷ்யூவில் துப்பிவிட்டார்! இன்சுலின் போடுமுன் சர்க்கரை அளவோடு சாப்பாட்டுத் தட்டு வந்துவிட்டதா என்றும் பாருங்கள். குளிப்பாட்டும் உதவியாளர் "இடுப்புக்குக் கீழே சிவந்திருக்கு" என்றால் உடனே போய்ப் பாருங்கள். படுக்கைப்புண் அப்படித்தான் தொடங்கும்.

ஆஸ்பத்திரியில் முதல் மதிப்பீடும் பராமரிப்புத் திட்டமும் ஆர்.என். (ரெஜிஸ்டர்டு நர்ஸ், நமக்கு மேல்நிலையில் இருப்பவர்) பொறுப்பு. நீங்கள் கவனித்ததை எண்ணோடு சொல்லுங்கள். "மூச்சு வாங்குது" போதாது; "நிமிஷத்துக்கு 28, ஆக்சிஜன் 89" என்றால்தான் ஆள் ஓடிவரும்.

கிளினிக்கில் பெரும்பாலும் ஊசி, தடுப்பூசி, போன். தடுப்பூசி ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கட்டும்.

வீட்டுப் பராமரிப்பில் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். புண்ணின் நீளம், அகலம், ஆழத்தை சென்டிமீட்டரில் குறித்துவிட்டு, போன வார அளவைவிடக் கூடியிருந்தால் அந்த வீட்டிலிருந்தே ஆர்.என்.னை அழையுங்கள்.