கிராமா என்றுதான் சொன்னார்கள்: குட்டிக் கடல் மீனை அடையாளம் பார்த்து வாங்குவது எப்படி?

கடையில் ராயல் கிராமா என்று கொடுத்த மீனை மடியில் பையோடு வைத்துக்கொண்டு புதுச்சேரி லாஸ்பேட்டை வரை வந்தேன். முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள், அவ்வளவு அழகு. மூன்றே நாளில் தொட்டியில் இருந்த இரண்டு கோபி மீனையும் பாறை இடுக்குக்குள் விரட்டிவிட்டு, தீனிக்குக்கூட வெளியே வர விடவில்லை. அப்புறம்தான் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: வந்தது டாட்டிபேக் என்ற வேறொரு மீன்.

கரீபியன் கடல் மீனான கிராமாவில் ஊதா மெல்ல மஞ்சளோடு கலந்து போகும், கண் வழியாக ஒரு கருங்கோடு ஓடும், முதுகுத் துடுப்பின் முன்பக்கம் குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்தது போல ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். மேற்குப் பசிபிக்கிலிருந்து வரும் ராயல் டாட்டிபேக்கில் இரண்டு நிறமும் ஸ்கேல் வைத்துப் பிரித்த மாதிரி நிற்கும், பொட்டு கிடையாது, சண்டைக்காரன் வேறு.

அதனால் கடைக்காரர் சொல்லும் பெயரையும் நிறத்தையும் ஓரமாக வைத்துவிட்டு, துடுப்பையும் வாயையும் பாருங்கள். கோபி என்றால் ஏதோ சீமை மீன் இல்லை, நம் கழிமுகத்து உளுவையின் சொந்தக்காரன்தான். மார்க்கெட்டில் உளுவையைக் கவிழ்த்துப் பாருங்கள், அடிப்பக்கத் துடுப்பு இரண்டும் ஒட்டி ஒரு சின்னக் கிண்ணம் போல இருக்கும். தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும் கோபியிலும் இதே கிண்ணம்தான், முதுகிலும் துடுப்பு இரண்டாகப் பிரிந்திருக்கும். பிளென்னி என்ற இன்னொரு குட்டி மீனுக்குப் பெரும்பாலும் முதுகில் ஒரே நீளத் துடுப்பு, அடித்துடுப்பு இரண்டு விரல் ஊன்றியது போல, பலவற்றுக்குக் கண்ணுக்கு மேல் குட்டி மயிர்க்கற்றை.

மற்ற மீன்களின் மேலுள்ள ஒட்டுண்ணியைத் தின்று சுத்தம் செய்யும் கிளீனர் ராஸ் மீனை வாங்குகிறவர்கள் கட்டாயம் வாயைப் பார்க்க வேண்டும். அதே நீலம், அதே கறுப்புப் பட்டை, அதே ஆட்டத்தோடு ஒரு போலி பிளென்னி இருக்கிறது, மற்ற மீன்களின் துடுப்பைக் கடித்துத் தின்னும். உண்மையான கிளீனருக்கு வாய் முகத்தின் நுனியில் இருக்கும், போலிக்கு மூக்குக்குக் கீழே ஒளிந்திருக்கும்.

அபூர்வம் என்று அதிக விலை சொல்லும் எவியோட்டா குட்டிக் கோபிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் எவியோட்டா சிகிலாட்டா என்ற இனத்தின் முழு ஆயுளே அதிகபட்சம் 59 நாள். வளர்ந்ததை வாங்கி வந்து இரண்டு வாரத்தில் செத்தால் உங்கள் தண்ணீரைத் திட்டாதீர்கள்.

கடையில் நீல விளக்கை அணைத்து வெள்ளை விளக்கு போடச் சொல்லுங்கள். போனில் வீடியோ எடுத்து, மீன் துடுப்பை விரிக்கும் நொடியில் நிறுத்திப் பாருங்கள். பிறகு கண் முன்னால் தீனி போடச் சொல்லுங்கள். தின்னாத மீன், வயிறு ஒட்டிப்போன மீன் எவ்வளவு அபூர்வமானாலும் வேண்டாம். மாண்டரின் மீன் உயிருள்ள கோப்பிபாட் பூச்சிகளையே நம்பி வாழ்வது, புதுத் தொட்டியில் பட்டினியால் மெலிந்தே போகும்.

தண்ணீர் விஷயம் சுருக்கமாக. தேங்காய்த்திட்டு முகத்துவாரத்திலோ கடலூர் உப்பனாற்று வாயிலோ குடத்தில் மொண்டு வராதீர்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் உப்பு எக்கச்சக்கமாக இறங்கும், கூடவே என்னென்ன வருமோ. ஆர்.ஓ. தண்ணீரில் கடல் மீன் தொட்டிக்கென்றே விற்கும் உப்பைக் கலந்து அடர்த்தி 1.025 வையுங்கள். மீனுக்கு விஷமான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வர நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அதுவரை மீன் கிடையாது. சித்திரை வெயிலில் தொட்டி 30 டிகிரியைத் தாண்டினால் மேலே ஒரு சின்ன ஃபேன் வையுங்கள், இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் தண்ணீர் வேகமாக ஆவியாகும், உப்பு ஆவியாகாது, ஆகவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல. இதில் சொதப்பாதவர் குறைவு. மூடிக்குக் கொசுவலை போதும், கோபி துள்ளி வெளியே விழுந்தால் காலையில் கருவாடுதான்.

புது மீனை நாலு வாரமாவது தனித் தொட்டியில் வையுங்கள். வெள்ளைப் புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து போடுவதென்றாலும் அங்கேதான், பிரதானத் தொட்டியில் ஊற்றினால் இறாலும் நத்தையும் காலி.

உயிருள்ள பவளமும் கடல்குதிரையும் யாராவது மலிவாகக் கொடுத்தாலும் கை வைக்காதீர்கள். 2001 முதல் இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. செயற்கைப் பாறையே மீனுக்குப் போதும், பொந்து இருந்தால் சரி.

கடைசியாக, பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது கரண்ட் போய், அந்தச் சண்டைக்கார டாட்டிபேக்கையும் அதுதான் காப்பாற்றியது. இப்போது அது தனித் தொட்டியில் இருக்கிறது, கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தோடு சண்டை போட்டுக்கொண்டு.