சீன ஐந்தியக்கத்தில் மண்: புதிதாகப் படிப்பவர்கள் இடறும் இடங்கள்

வூ சிங், அதாவது மரம், தீ, மண், உலோகம், நீர் என்ற சீன ஐந்தியக்கம் படிக்க வருபவர்களின் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே ஓர் அட்டவணை இருக்கும். மண்: மஞ்சள், நடுத்திசை, இனிப்பு, மண்ணீரல், வயிறு, ஓயாத சிந்தனை, நீள்கோடை. அட்டவணையில் தவறு எதுவும் இல்லை. அதை வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தில் போடும் கணக்கில்தான் எல்லாம் கெடுகிறது. மரம் மண்ணை அடக்கும், மண் நீரை அடக்கும், தீயிலிருந்து மண், மண்ணிலிருந்து உலோகம் என்ற வரிசையை மாற்றிச் சொல்வதெல்லாம் நாலு நாள் பழகினால் சரியாகிவிடும். அவை இங்கே வேண்டாம். நாங்களும் ஒரு காலத்தில் செய்த, வருடக்கணக்கில் படித்தவர்களும் விடாமல் செய்கிற தவறுகள் சில உண்டு.

பஞ்சபூத நிலத்தை இங்கே கொண்டுவருவது

நிலம், நீர், தீ, வளி, ஆகாயம் நமக்கு ஊறிப்போனவை. அதனால் மண் என்றதும் கெட்டியான, அசையாத பொருள் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. 'சிங்' என்ற சொல்லுக்கே நடத்தல், நகர்தல் என்றுதான் பொருள். ஷாங்ஷு என்ற பழைய சீன நூலின் ஹோங்ஃபான் பகுதி ஐந்தையும் விளக்கும் விதத்தைக் கவனியுங்கள். நீர் நனைத்து இறங்கும், தீ எரிந்து ஏறும், மரம் வளையும் நிமிரும், உலோகம் வடிவம் மாறும். மண்ணுக்கு வரும்போது விதைப்பு, அறுவடை என்கிறது. வாங்கிக்கொள்வது, விளைவித்துத் திருப்பித் தருவது. அந்த வேலைக்குத்தான் மண் என்று பெயர்.

மண்ணுக்கு ஒரே பருவம், ஒரே குணம் என்று எண்ணுவது

எத்தனை முறை சொன்னாலும் தீராத தவறு இது. இதனால் கெட்ட கணிப்புகளுக்கு அளவே இல்லை.

பருவம் நாலு, இயக்கம் ஐந்து, கணக்கு இடிக்கிறது. சீனர்கள் இதற்கு இரண்டு வழி கண்டார்கள். கோடையின் கடைசிப் பகுதியைப் பிரித்து நீள்கோடை என்று மண்ணுக்குக் கொடுப்பது ஒன்று. மருத்துவ அட்டவணைகளில் இருப்பது அதுதான். ஒவ்வொரு பருவத்தின் கடைசி 18 நாளை மண்ணுக்கு ஒதுக்குவது இன்னொன்று. நாலு 18 சேர்ந்து 72 நாள், மற்ற நாலு இயக்கங்களுக்கும் ஆளுக்கு 72, மொத்தம் 360. பழைய சீன மருத்துவ நூலான ஹுவாங்தி நெய்ஜிங்கின் சுவென் பகுதி, 29ஆம் அத்தியாயத்தில் இந்த 18 நாள் கணக்கைத்தான் சொல்கிறது: மண்ணீரல் நடுவில் இருந்து ஆளும், எந்தப் பருவமும் அதற்கென்று தனியாகக் கிடையாது. ஜப்பானியர் இந்த நாட்களை 'தோயோ' என்று இன்றும் காலண்டரில் அச்சிடுகிறார்கள். கோடைத் தோயோவில் வரும் எருது நாளில் விலாங்கு மீன் சாப்பிடுவது அங்கே வழக்கம்.

பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம் நாலையும் வைத்துப் பலன் சொல்வது நான்கு தூண் ஜாதகம். அதில் பன்னிரண்டு மாதங்களுக்கும் விலங்குப் பெயர். அதைப் பார்ப்பவர் முதல் வழியை மட்டும் படித்திருந்தால், கோடையின் கடைசி மாதமான ஆட்டு மாதம் மட்டும்தான் மண் என்பார். டிராகன், ஆடு, நாய், எருது என நாலும் மண் என்று தெரிந்தவர் அடுத்த குழியில் விழுவார். நாலையும் ஒரே மண்ணாக எண்ணிக் கூட்டி, "உங்களுக்கு மண் மூன்று" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்.

டிராகன் மாதத்தைப் பிரித்துப் பாருங்கள். ஏப்ரல் 5 வாக்கில் தொடங்கி மே 5 வாக்கில் முடியும். ஒவ்வோர் இயக்கத்துக்கும் யின், யாங் என்று இரண்டு முகம் உண்டு. முதல் 9 நாள் யின் மரத்தின் ஆட்சி. அது வசந்தத்தின் மிச்சம். அடுத்த 3 நாள் யின் நீர். அதன் பிறகுதான் 18 நாள் யாங் மண். ஏப்ரல் 8இல் பிறந்தவரையும் 28இல் பிறந்தவரையும் சேர்த்து 'மண் மாதம்' என்று எழுதினால் என்ன ஆகும்? முதலாமவருக்கு மாதம் மரத்தின் கையில் இருக்கிறது. மரம் மண்ணை அடக்குவது. அடக்குபவனின் நாற்காலியில் அடங்குபவனை உட்காரவைத்துவிட்டுப் பலன் சொன்னால், அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு வரியும் தலைகீழாகத்தான் இருக்கும்.

மற்ற மூன்றுக்கும் இதே 9, 3, 18 தான். ஆட்டில் யின் தீ, யின் மரம், யின் மண். நாயில் யின் உலோகம், யின் தீ, யாங் மண். எருதில் யின் நீர், யின் உலோகம், யின் மண். டிராகனிலும் எருதிலும் நீர் ஒளிந்திருப்பதால் அவை ஈர மண். ஆட்டிலும் நாயிலும் தீ இருப்பதால் காய்ந்த மண். ஈர மண் உலோகத்தை வளர்க்கும். காய்ந்த மண் நீரைத் தடுக்கும், ஆனால் அதில் உலோகம் நொறுங்கும்.

நீர் பெருகிக் கிடக்கும் ஜாதகத்துக்கு "மண் ஆண்டு வருகிறது, நல்லது" என்று டிராகன் ஆண்டைக் காட்டுவதுதான் இதில் மிக மோசமானது. டிராகன் நீரின் களஞ்சியம். ஜாதகத்தில் குரங்கும் எலியும் இருந்தால் மூன்றும் சேர்ந்து நீராகவே திரளும். அணை கட்டச் சொன்ன இடத்தில் மதகைத் திறந்துவிடுகிறீர்கள்.

ஆகவே மண் என்று எழுதுவதற்கு முன், நாலில் எந்த மண் என்று பாருங்கள். அந்த மாதம் தொடங்கிய சூரியப் பருவ நாளிலிருந்து (டிராகனுக்கு ஏப்ரல் 5 வாக்கில் வருவது) பிறந்த நாள்வரை எண்ணுங்கள். சீனச் சந்திர மாதத்தின் முதல் தேதியிலிருந்து எண்ணக் கூடாது. ஈரமா காய்ந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் யார் நிற்கிறார்கள், யாருடன் சேர்ந்து வேறாக மாறுகிறது என்பதைக் கடைசியில் பாருங்கள்.

மண்ணீரல் என்ற சொல்லில் ஏமாறுவது

தமிழில் அந்த உறுப்பின் பெயரிலேயே மண் இருக்கிறது. நினைவில் வைக்க வசதிதான், ஆனால் ஆபத்தும் அங்கேதான். சீன மருத்துவம் சொல்லும் மண்ணீரல் ஒரு வேலைத் தொகுப்பு: உணவின் சாரத்தை மேலே அனுப்புவது, இரத்தத்தைக் குழாய்க்குள் பிடித்துவைப்பது, தசையை வளர்ப்பது. ஸ்கேனில் மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று வந்தால் அது மலேரியாவாக இருக்கலாம், கல்லீரல் நோயாக, இரத்த நோயாக இருக்கலாம். 'மண் பலவீனம்' என்று கஞ்சி குடித்துக்கொண்டு இருக்காமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

இன்னொன்று: மண்ணீரலையும் வயிற்றையும் ஒரே மண் என்று ஒரே மாதிரி கவனிப்பது. மண்ணீரலுக்கு ஈரம் ஆகாது, வயிற்றுக்கு வறட்சி ஆகாது. ஒன்று மேலே அனுப்பும், மற்றது கீழே இறக்கும். இந்த இரண்டையும் வைத்தே ஒரு மருத்துவ மரபை நிறுவியவர் லி தோங்யுவான் (1180–1251). 1232இல் மங்கோலியர் முற்றுகை நீங்கிய பிறகு கைஃபெங் நகரத்தில் மக்கள் கொத்துக்கொத்தாக நோயில் விழுந்தார்கள். மற்ற மருத்துவர்கள் அதை வெளியிலிருந்து தாக்கிய குளிர் என்று கருதி, வியர்க்கவும் பேதியாகவும் மருந்து கொடுத்தார்கள். பசியாலும் களைப்பாலும் மண் குலைந்த உடம்புகள் அவை. அந்த மருந்தே அவர்களைக் கொன்றது என்று அவர் எழுதிவைத்தார்.

இனிப்பு என்றால் சர்க்கரை

இல்லை. சோற்றை மென்றால் ஊறும் இனிப்பு. சர்க்கரை சேரச் சேர ஈரம்தான் கூடும்.

மஞ்சள் பெயின்ட்

மண்ணைக் கூட்டுகிறேன் என்று மஞ்சள் அடித்தால் சுவரின் நிறம் மாறும். அவ்வளவுதான்.

வாஸ்துவையும் ஃபெங் ஷுயியையும் ஒரே வரைபடத்தில் போடுவது

தென்மேற்கில் இரண்டும் ஒத்துப்போகின்றன: வாஸ்துவில் அது நிலம், ஃபெங் ஷுயியில் கூன் என்ற திசைக்குறி, அதுவும் மண். இந்தப் பொருத்தத்தைப் பார்த்துவிட்டு மற்ற மூலைகளும் அப்படியே என்று நம்பிவிடுகிறார்கள். வடகிழக்கில் வாஸ்து நீரை வைக்கிறது. ஃபெங் ஷுயியில் அது கென் என்ற திசைக்குறி, அதாவது மலை, மண். ஈசானிய மூலையில் தண்ணீர்த் தொட்டி கட்டிவிட்டு, அதே இடத்தில் மண்ணைப் 'பலப்படுத்த' கல்லும் பீங்கானும் அடுக்கினால், மண் நீரை அடக்கும் என்ற விதி அந்த மூலையிலேயே வேலை செய்யத் தொடங்கிவிடும். வீட்டு வரைபடத்தை எடுத்ததும் எந்த முறைப்படி பார்க்கிறோம் என்பதை அதன் ஓரத்தில் எழுதிவிடுங்கள். இரண்டாவது முறைக்கு வேறு தாள் எடுங்கள்.