1944 ஜூன் நார்மண்டி காட்சிக்கு எந்த ஸ்பிட்ஃபயர்?

இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் சிறு மாடல் செய்யப் போகிறீர்களா? கிட் பெட்டியை வாங்கும் முன் காட்சியின் தேதியையும் இடத்தையும் முடிவு செய்யுங்கள். நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கிய சில நாட்களில், 1944 ஜூன் 10 அன்று, பிரான்ஸின் சென்ட்-க்ருவா-சுர்-மேர் தற்காலிக விமானத்தளத்தில் ஸ்பிட்ஃபயர்கள் வந்து இறங்கின. அந்தக் காட்சிக்கு ஸ்பிட்ஃபயர் வகைகளில் மார்க் 9 சரியான தேர்வு: மெர்லின் எஞ்சின், நான்கு இறக்கை புரொப்பெல்லர், விமானியின் தலைக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் முதுகு. பலர் தவறுவது இங்கேதான். குமிழ் வடிவக் கண்ணாடி மூடி கொண்ட மார்க் 16 பார்க்க அழகு, ஆனால் அந்த ஜூனில் அது களத்துக்கே வரவில்லை. ஐந்து இறக்கை புரொப்பெல்லர் கொண்ட மார்க் 14-உம் இந்தத் தளத்துக்குப் பொருந்தாது.

அடுத்தது படையெடுப்புப் பட்டைகள்: நேச நாட்டு விமானம் என்று அடையாளம் தெரிய இறக்கையிலும் உடலிலும் பூசிய பட்டைகள். வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி ஐந்து, வெள்ளையில் தொடங்கி வெள்ளையில் முடியும். ஒவ்வொன்றும் 18 அங்குலம். 1/48 அளவில் 9.5 மி.மீ., 1/72-ல் 6.35 மி.மீ. முதலில் வெள்ளையை முழுதாக அடித்து, காய்ந்தபின் டேப் ஒட்டிக் கறுப்பு அடியுங்கள். அசல் பட்டைகள் அவசரத்தில் கையால் பூசப்பட்டவை. அதனால் ஓரம் கத்தி போல நேராக இருந்தால் பொய்யாகத் தெரியும்; டேப்பை எடுத்தபின் சிறு தூரிகையால் ஓரத்தை இரண்டு மூன்று இடங்களில் லேசாகப் பிசகவிடுங்கள்.

பெயிண்ட் தேய்மானம் இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தின் மேல்புறத்தில் அதிகம் இருக்கட்டும். விமானி ஏறும் கதவு அந்தப் பக்கம்தான், ஏறி இறங்கும் பூட்ஸ் படுவது அங்கேதான். நார்மண்டித் தூசி எஞ்சின்களையே பாடாய்ப் படுத்தியது, ஆகவே சக்கரங்களுக்கு வெளிர் மண்நிறப் பொடி தாராளமாகப் போடலாம்.