செத்துப்போன கோச்சுக்கு எப்படி மார்க் போடுறது: ஜோ பேட்டர்னோ கேஸ வச்சு ஒரு வழி

ஒரு பெரிய கோச் செத்துட்டாரு. சாகுறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி தான் அவரு பேரு ஒரு அசிங்கமான கேஸ்ல அடிபட்டுச்சு, இப்ப ஒரு கூட்டம் மாலையோட நிக்குது, இன்னொரு கூட்டம் செருப்போட நிக்குது, நடுவுல நீங்க. எந்தப் பக்கமும் சாயாம நீங்களே உக்காந்து ஒரு முடிவுக்கு வரணும்னா அதுக்கு ஒரு வழி இருக்கு, கொஞ்சம் பொறுமை வேணும், ஒரு பேப்பர், ஒரு பேனா, ஒரு பென்சில் வேணும். பென்சில் எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்.

நான் இத பழகுனது அமெரிக்காவோட ஜோ பேட்டர்னோ விவகாரத்துல. பென்சில்வேனியா மாநிலத்துல பென் ஸ்டேட்னு பெரிய யுனிவர்சிட்டி, அங்க ஃபுட்பால் கோச். ஃபுட்பால்னா கால்ல உதைக்கிறது இல்ல, ஹெல்மெட் போட்டுட்டு முட்டிக்கிறாங்களே அது. விளையாட்டு தெரியணும்னு ஒரு அவசியமும் இல்ல, எனக்கே பாதி ரூல்ஸ் புரியாது. அவருக்கு கீழ வேலை பாத்த ஒரு உதவி கோச் சின்னப் பசங்கள பாலியல் கொடுமை பண்ணது வெளிய வந்துச்சு, அது காதுக்கு வந்தும் பேட்டர்னோ போதுமானத செய்யலங்கிறது தான் விவகாரம்.

மொத வேலை, செத்த வாரத்துல வாயத் தொறக்காம இருக்குறது. பேட்டர்னோ செத்தது 2012 ஜனவரி 22, வயசு 85, நுரையீரல் கேன்சர். நாலு நாள் கழிச்சு நினைவுக் கூட்டம். நைக்கி கம்பெனிய ஆரம்பிச்ச ஃபில் நைட் மேடை ஏறி, இதுல வில்லன்னு ஒருத்தர் இருந்தா அது அந்த விசாரணைய நடத்துன எடத்துல தான் இருக்கு, ஜோகிட்ட இல்லங்கிற மாதிரி பேசுனாரு, அரங்கமே எந்திரிச்சு கை தட்டுச்சு. அதே வருஷம் ஜூலை 12, யுனிவர்சிட்டியே கூப்பிட்டு வச்ச லூயி ஃப்ரீயோட விசாரணை அறிக்கை வந்துச்சு, இவரு எஃப்பிஐயோட பழைய டைரக்டர், 267 பக்கம். அன்னிக்கே நைக்கி அவங்க ஆபீஸ் குழந்தைகள் காப்பகத்துக்கு வச்சிருந்த பேட்டர்னோ பேர எடுக்குறதா அறிவிச்சுட்டாங்க. ஊர்ல ஒரு பெரிய சுவர் ஓவியம் இருக்கு, அதுல பேட்டர்னோவும் இருக்காரு, செத்ததும் ஓவியர் அவரு தலைக்கு மேல சாமி படத்துல இருக்குமே அந்த ஒளிவட்டத்த வரைஞ்சு விட்டாரு, அறிக்கை வந்ததும் அவரே போயி அத அழிச்சாரு. ஆறு மாசம் தான் இடைவெளி. நீங்க சுவத்துல வரையல, ஸ்டேட்டஸ் போடுறீங்க, ஆனா கதை ஒண்ணு தான்.

அடுத்து, அவரு செஞ்ச நல்லத கஞ்சத்தனம் இல்லாம எழுதுங்க. கெட்டது தெரிஞ்ச உடனே நல்லதெல்லாம் வேஷம்னு சொல்றது சோம்பேறித்தனம். 1950ல உதவி கோச்சா வந்தாரு, 1966ல தலைமை கோச், 2011 வரைக்கும் அதே டீம், 46 சீசன். 409 ஜெயிப்பு, 1982லயும் 1986லயும் தேசிய சாம்பியன். சட்டைல வீரர் பேரு போட விடமாட்டாரு, டீம் தான் பேருன்னு. பசங்க படிச்சு பட்டம் வாங்கியே ஆகணும்னு நின்னாரு, யுனிவர்சிட்டிக்கு 40 லட்சம் டாலருக்கு மேல குடுத்தாரு, அங்க லைப்ரரிக்கே பேட்டர்னோ பேரு தான். கோச்சுங்க ஸ்டேடியத்துக்கு பணம் கேப்பாங்க, இந்த மனுஷன் புத்தகத்துக்கு பணம் திரட்டுனாரு. இத எல்லாம் பேனால எழுதுங்க, ஏன்னா உண்மை.

இப்ப கேஸ். இங்க ஒரு சின்ன விஷயம், தமிழ்ல எழுதும்போது வினைச்சொல் முடியிற எடத்துல 'ஆரு'வா 'ஆன்'ஆன்னு நம்ம முடிவு பண்ணியே ஆகணும், தப்பிக்க முடியாது. பேட்டர்னோவுக்கு என் கை இன்னும் 'ஆரு'ன்னு தான் போடுது. ஜெர்ரி சாண்டஸ்கிக்கு போடாது.

சாண்டஸ்கி பேட்டர்னோவோட தற்காப்பு ஆட்டத்துக்கான கோச்சா வருஷக்கணக்கா இருந்தவன், 1999ல ஓய்வு. 1977லயே கஷ்டப்படுற பசங்களுக்குன்னு செகண்ட் மைல்னு ஒரு தொண்டு அமைப்பு ஆரம்பிச்சான், அது வழியா தான் பசங்கள பிடிச்சான். 2011 நவம்பர்ல கைது, 2012 ஜூன் 22ல 48 குற்றச்சாட்டுல 45 நிரூபணம், 30லேர்ந்து 60 வருஷம் ஜெயில். குற்றம் பண்ணது அவன். பேட்டர்னோ மேல கடைசி வரைக்கும் வழக்கே போடல. இந்த ரெண்டையும் ஒரே வரில போட்டு கலக்கிறவங்கள நம்பாதீங்க, அதே மாதிரி "வழக்கே இல்லையே அப்புறம் என்ன"ன்னு கேக்குறவங்களையும். நம்ம கேள்வி வேற: இவருக்கு என்ன தெரியும், எந்தத் தேதில தெரியும், அன்னிக்கு இவரால என்ன முடிஞ்சிருக்கும்? இந்த மூணுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்.

தேதி போட்டு எழுதும்போது ஒரே ஒரு நாள எடுத்து நல்லா உத்துப் பாருங்க, எல்லாத்தையும் மேலோட்டமா பாக்குறதுக்கு இது மேல். பேட்டர்னோ விஷயத்துல அந்த நாள் 2001 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை காலைல. முந்தின நாள் ராத்திரி மைக் மெக்வெரிங்கிற இளம் உதவியாளர் ஃபுட்பால் கட்டடத்து ஷவர்ல சாண்டஸ்கியையும் ஒரு சின்னப் பையனையும் பாத்துட்டாரு. விடிஞ்சதும் பேட்டர்னோ வீட்டுக்கே போயி சொல்றாரு. எவ்வளவு விளக்கமா சொன்னாருங்கிறதுல சண்டை இருக்கு, இருக்கட்டும், ஆனா பின்னாடி 2011 ஜனவரில கிராண்ட் ஜூரி (வழக்கு போட ஆதாரம் இருக்கான்னு விசாரிக்கிற பொதுமக்கள் குழு) முன்னாடி பேட்டர்னோவே அது பாலியல் தன்மை உள்ள ஒரு விஷயம்னு தான் புரிஞ்சுதுன்னு சொல்லிட்டாரு, அதனால "அவருக்கு புரியல"ங்கிற கதவ அவரே சாத்திட்டாரு. சரி கேட்டாச்சு, என்ன செஞ்சாரு? அன்னிக்கு ஒண்ணும் செய்யல. ஏன்னா சனிக்கிழமை, மேலதிகாரிங்களோட வார இறுதிய கெடுக்க விரும்பலன்னு அதே சாட்சியத்துல அவரே சொல்லியிருக்காரு. அப்புறம் விளையாட்டுத்துறை இயக்குநர் டிம் கர்லிகிட்ட சொன்னாரு, கர்லி வழியா யுனிவர்சிட்டி வைஸ் பிரசிடெண்ட் கேரி ஷுல்ட்ஸுக்கு போச்சு, கேம்பஸ் போலீஸ் இந்த ஷுல்ட்ஸுக்கு கீழ தான். வெளி போலீசுக்கு யாரும் சொல்லல. அந்தப் பையன் யாருன்னு தேடவும் இல்ல.

நான் இந்த வார இறுதி விஷயத்த மொத தடவ படிச்சப்ப திரும்ப மேல போயி இன்னொரு தடவ படிச்சேன். கொடூரம்னு எதுவும் இல்ல அதுல, நம்ம ஆபீஸ்ல "திங்கக்கிழமை பாத்துக்கலாம் சார்"னு சொல்லுவோமே அதே தொனி, அது தான் வயித்த கலக்குது.

இப்ப "மேலதிகாரிகிட்ட சொல்லிட்டாரு, அவரு கடமை முடிஞ்சுது"ங்கிற வாதத்துக்கு வாங்க, இது தான் இந்த மாதிரி எல்லா கேஸ்லயும் வர்ற வாதம். சட்டப்படி சரி, அப்ப பென்சில்வேனியா சட்டம் வேலை செய்யிற எடத்துல பொறுப்பாளர்கிட்ட சொன்னா போதும்னு இருந்துச்சு, இந்த விவகாரத்துக்கு அப்புறம் தான் 2014ல நேரா சொல்லணும்னு மாத்துனாங்க. ஆனா இத சோதிக்க ஒரு வழி இருக்கு: நீங்க முன்னாடி எழுதுன புகழ்ப் பட்டியல எடுத்து பக்கத்துல வைங்க. அந்த மேலதிகாரிங்க நிஜமாவே மேலதிகாரிங்களா? 2004ல டீம் தோத்துட்டே இருந்தப்ப யுனிவர்சிட்டி பிரசிடெண்ட் ஸ்பேனியரும் இதே கர்லியும் பேட்டர்னோ வீட்டுக்கு போயி ஓய்வு எடுத்துக்கலாமேன்னு கேட்டாங்க, முடியாதுன்னுட்டாரு, போயிட்டாங்க. அவ்வளவு தான். தன்னோட பதவின்னு வந்தா மேலதிகாரிய வாசல்லயே திருப்பி அனுப்புற ஆளு, ஒரு பையன் விஷயத்துல மட்டும் சாதாரண ஊழியர் மாதிரி மேல தள்ளி விட்டாரு. அவரு எவ்வளவு பெரிய ஆளோ அவ்வளவுக்கு அந்த வாதம் சின்னதாவுது. ரசிகர்கள் 409அ தூக்கிட்டு வரும்போது நான் இதத் தான் சொல்றது, அது அவருக்கு சாதகமான ஆதாரம் இல்லப்பா, அந்த ஊர்ல அவரு ஒரு போன் போட்டா என்ன நடந்திருக்கும்னு காட்டுற ஆதாரம். ஸ்டேடியம் வாசல்ல அவருக்கு சிலை வச்சது கூட அதே 2001ல தான்.

இந்தக் கூட்டிக் கழிக்கிற பழக்கத்த விட்டுருங்க. இத்தன பசங்கள படிக்க வச்சாரு, இத்தன பசங்கள காப்பாத்தல, மிச்சம் எவ்வளவுன்னு பாக்குறதுக்கு இது மளிகைக் கடை கணக்கு இல்ல. ரெண்டு பத்தி, ரெண்டும் தனித்தனியா நிக்கட்டும்.

இனி பென்சில். கோர்ட்ல நிரூபிச்சது, ஆளு தன் வாயால சொன்னது, ரெண்டும் பேனா. மத்தவங்க எழுதுன ஈமெயில், அறிக்கை எழுதுனவரோட கருத்து, செத்தப்புறம் வந்த குற்றச்சாட்டு எல்லாம் பென்சில். உதாரணத்துக்கு 2001 பிப்ரவரி கடைசில கர்லி ஒரு ஈமெயில் எழுதுறாரு, குழந்தைகள் நலத்துறைகிட்ட சொல்றதா போட்ட திட்டத்த கொஞ்சம் யோசிச்சு, நேத்து ஜோகிட்டயும் பேசுனப்புறம், இப்ப எனக்கு அதுல உடன்பாடு இல்லன்னு. ஜோ என்ன சொன்னாரு? அதுல இல்ல. ஃப்ரீ இத வச்சு பேட்டர்னோ தான் திருப்பி விட்டாருங்கிற எடத்துக்கு போறாரு, குடும்பம் 2013 பிப்ரவரில தனியா நிபுணர்கள வச்சு பதில் அறிக்கை விட்டு அது வெறும் ஊகம்னாங்க. ஈமெயில் இருக்குறது பேனா, உள்ள நடந்த பேச்சு பென்சில். 1998 அதவிட சிக்கல், ஒரு தாய் குடுத்த புகார்ல சாண்டஸ்கிய போலீஸ் விசாரிச்சு வழக்கு இல்லாம விட்டுருச்சு, அந்த சமயத்துல கர்லி "கோச் நிலவரம் தெரிஞ்சுக்க தவிக்கிறாரு"ங்கிற மாதிரி ஒரு ஈமெயில் போட்டிருக்காரு. பேட்டர்னோ கிராண்ட் ஜூரில வேற எந்த சம்பவமும் தெரிஞ்சதா நினைவில்லன்னாரு. அந்த ஈமெயில்ல இருக்குற கோச் இவரு தானா? என் மனசு ஆமாங்குது, ஆனாலும் பென்சில் தான்.

அறிக்கை படிக்கும்போது யார கேக்காம எழுதுனாங்கன்னும் பாருங்க. ஃப்ரீ குழு பேட்டர்னோவ விசாரிக்கல, அதுக்குள்ள செத்துட்டாரு. வேலைய விட்டு 2011 நவம்பர் 9 ராத்திரி போன்ல தூக்குனாங்க, மாணவர்கள் தெருவுக்கு வந்து ஒரு டிவி சேனல் வேன கவுத்துப் போட்டாங்க, அதுலேர்ந்து 74 நாள்ல ஆளே இல்ல. கர்லியும் ஷுல்ட்ஸும் அப்ப வாய் தொறக்கல. 2017ல ரெண்டு பேரும் குழந்தைய ஆபத்துல விட்ட குற்றத்த ஒத்துக்கிட்டாங்க, ஸ்பேனியருக்கும் அதே குற்றத்துல தண்டனை ஆச்சு. இது அறிக்கை வந்து அஞ்சு வருஷம் கழிச்சு. அதனால தான் பேப்பர கிழிச்சுப் போடாதீங்கன்னு சொல்றது, வருஷத்துக்கு ஒரு தடவ எடுத்து பாருங்க.

தண்டனைங்கிற பேர்ல ரெக்கார்டுல கை வச்சா அத பெருசா எடுத்துக்காதீங்க. 2012 ஜூலை 23 அமெரிக்க கல்லூரி விளையாட்டு அமைப்பு என்சிஏஏ பென் ஸ்டேட்டுக்கு 6 கோடி டாலர் அபராதம் போட்டு, 1998லேர்ந்து 2011 வரைக்கும் ஜெயிச்சத ரத்து பண்ணுச்சு, பேட்டர்னோ கணக்கு 409லேர்ந்து 298 ஆச்சு. 2015 ஜனவரில ஒரு கோர்ட் சமாதானத்துல மறுபடி 409. அந்த ஆட்டமெல்லாம் நடந்துச்சு, ஆயிரக்கணக்கான பேரு பாத்தாங்க, அழிச்சா யாருக்கு என்ன நியாயம் கெடச்சுது? எனக்கு அது கண்துடைப்பா தான் பட்டுச்சு.

பேரு வச்ச பொருளுக்கெல்லாம் ஒரே தீர்ப்பு குடுக்காதீங்க. அது அது எதுக்கு நின்னுச்சுன்னு பாருங்க. குழந்தைகள் காப்பகத்துல பேர எடுத்தது சரி, அதுல பேச்சே இல்ல. சிலைய 2012 ஜூலை 22ல எடுத்தாங்க, செத்து சரியா ஆறு மாசம், அதுவும் சரின்னு தான் நான் சொல்லுவேன், சிலைங்கிறது இந்த ஆளு மாதிரி இருங்கன்னு சொல்றது. லைப்ரரி இருக்கட்டும், பணம் குடுத்தாரு, புத்தகம் இருக்கு. யுனிவர்சிட்டி ஐஸ்க்ரீம் கடைல பீச் பழம் போட்டு பீச்சி பேட்டர்னோன்னு ஒண்ணு, அத பத்தி கேஸ் வந்த காலத்துலயே சண்ட போட்டாங்க, இதுக்கெல்லாம் எனக்கு கருத்து இல்ல.

அவரே 2011 நவம்பர்ல விட்ட அறிக்கைல, இப்ப திரும்பிப் பாக்கும்போது நான் இன்னும் செஞ்சிருக்கணும்னு தோணுதுன்னு சொன்னாரு. அத பேனால எழுதுங்க, எதிரிங்க சொன்னத விட இது கனமானது. கூடவே யுனிவர்சிட்டி பாதிக்கப்பட்ட 30க்கு மேல பேருக்கு 10 கோடி டாலருக்கு மேல குடுத்து சமரசம் பண்ணதையும் எழுதுங்க, பேட்டர்னோ நல்லவரா கெட்டவராங்கிற சண்டைல அந்தப் பசங்க பேச்சே வராம பத்து நிமிஷம் போச்சுன்னா சண்டைய நிறுத்திட்டு எந்திரிச்சு போயிருங்க, நான் அப்படித் தான் பண்றேன்.

என் பேப்பர்ல இப்போதைக்கு 2001 பேனால இருக்கு. 1998 அழுத்தமான பென்சில். 2016ல கோர்ட் ஆவணங்கள் வெளிய வந்தப்ப, 1976லயே சாண்டஸ்கி பண்ணத ஒரு பையன் பேட்டர்னோகிட்ட நேரா சொன்னதா ஒருத்தர் குடுத்த சாட்சியம் வெளிவந்துச்சு, குடும்பம் மறுத்துச்சு, பதில் சொல்ல வேண்டியவரு செத்து நாலு வருஷம் ஆகியிருந்துச்சு. அந்த வருஷமே செப்டம்பர் 17 அன்னிக்கு டெம்பிள் யுனிவர்சிட்டி டீமோட ஆட்டத்துல, அவரு தலைமை கோச்சா ஆடுன மொத ஆட்டத்துக்கு 50 வருஷம்னு பென் ஸ்டேட் அவருக்கு மரியாதை செஞ்சுது. 1976 இன்னும் பென்சில்ல தான் கெடக்கு, மெலிசா.